இஞ்சம்பாக்கம், நீலாங்கரை பக்கம் ஃபிளாட் வாங்குகிறவர்கள் மாடிகளை எண்ணிப் பாருங்கள்

சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்.) கொட்டிவாக்கம் தொடங்கி உத்தண்டி டோல்கேட் வரைக்கும் சின்னச் சின்ன அடுக்குமாடிகள் வந்துகொண்டே இருக்கின்றன. இரண்டு கிரவுண்ட் நிலம், கீழே ஸ்டில்ட் பார்க்கிங், மேலே இரண்டு மாடி, மொத்தம் ஆறு வீடு. "பீச்சுக்கு நடந்தே போகலாம்" என்று வாசலில் போர்டு. இஞ்சம்பாக்கத்தில் நாங்கள் வாங்கியதும் அப்படி ஒன்றுதான். 2021-ல் பத்திரப்பதிவு, 2022-ல் சாவி. இன்றைக்கு அந்த வீட்டை விற்கவும் முடியவில்லை, நிம்மதியாகக் குடியிருக்கவும் முடியவில்லை. வழக்கு நடப்பதால் பில்டர் பெயரை எழுதவில்லை. அவர் எப்படிச் செய்தார் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அந்த இரண்டு கிரவுண்ட் விஷயம். இரண்டு கிரவுண்ட் என்றால் 4,800 சதுர அடி, அதாவது சுமார் 446 சதுர மீட்டர். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாவிட்டால், அல்லது வீடுகள் எட்டுக்கு மேற்படாவிட்டால், ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவு செய்யத் தேவையில்லை என்று 2016-ம் வருடச் சட்டமே விலக்குக் கொடுக்கிறது. பெரிய புராஜெக்ட் என்றால் வாங்குகிறவர்கள் கொடுக்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும், வரைபடத்தை இணையதளத்தில் ஏற்ற வேண்டும். எங்கள் பில்டருக்கு இது எதுவும் கிடையாது. ஈ.சி.ஆர். உள்தெருக்களில் இந்த அளவு மனைதான் அதிகம் என்பதால், இங்கே வாங்குகிற பலருக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

காகிதங்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. மூலப்பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று (ஈ.சி.), திட்ட அனுமதி எல்லாவற்றையும் எங்கள் வக்கீல் பார்த்தார், வங்கியின் வக்கீலும் பார்த்தார். திட்ட அனுமதியில் தெளிவாக "ஸ்டில்ட் + 2, ஆறு குடியிருப்புகள்" என்று இருந்தது. நிலத்தில் ஆளுக்கு 800 சதுர அடி பிரிக்கப்படாத பங்கு. ஆறு எண்ணூறு 4,800, கணக்கு நேர். வங்கி கடன் கொடுத்தது.

பணத்தில் பெரும்பகுதி போய்ச் சேர்ந்த பிறகு மொட்டை மாடியில் செங்கல் ஏற ஆரம்பித்தது. கேட்டதற்கு "லிஃப்ட் ரூம் சார், பக்கத்துல வாட்ச்மேனுக்கு ஒரு ரூம்" என்றார்கள். அப்புறம் ஜன்னல் வைத்தார்கள், டைல்ஸ் ஒட்டினார்கள். கடைசியில் கடல் தெரிகிற மாதிரி இரண்டு வீடு நின்றது. ஆறு பேரும் சேர்ந்து போய்ச் சண்டை போட்டோம். அதற்கு பில்டர் சொன்ன பதில்: "சார், அப்ரூவல் ஒண்ணு, கட்டுறது ஒண்ணு, ஈ.சி.ஆர்.ல எல்லாரும் அப்படித்தான். எவன் வந்து இடிக்கப் போறான்?"

கூட வந்த புரோக்கரும் அதையே பாடினார். பதிவான சொத்துக்கு என்ன பயம் என்றார். பதிவு அலுவலகம் பத்திரத்தைத்தான் பதிவு செய்கிறது. கட்டடம் வரைபடத்தின்படி இருக்கிறதா என்று யாரும் வந்து டேப் பிடித்துப் பார்ப்பதில்லை.

இதன் முழு வீச்சு தெரிந்தது முதல் மாடிக்காரர் வீட்டை விற்கப் போனபோது. வாங்க வந்தவரின் வக்கீல் அந்த சர்வே எண் முழுவதற்கும் புதிதாக ஈ.சி. எடுத்தார். அதில் வந்த கிரயப் பத்திரங்களின் பங்குகளை எங்கள் முன்னாலேயே ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கூட்டினார். ஆறு எண்ணூறுக்குக் கீழே இரண்டு நானூற்றைம்பது. மொத்தம் 5,700 சதுர அடி. தரையில் இருப்பது 4,800. நில உரிமையாளர் தன் சார்பில் விற்கக் கொடுத்த பவர் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இல்லாத 900 சதுர அடியை பில்டர் மேல் மாடிக்காரர்களுக்குப் பத்திரம் போட்டு விற்றிருக்கிறார். விற்பனை அன்றோடு நின்றது.

மேலே வாங்கிய இரண்டு குடும்பங்கள் மேல் எங்களுக்குக் கோபம் கிடையாது. ஒருவர் ஓய்வுபெற்ற பணம் முழுவதையும் போட்டிருக்கிறார். அவர் எங்களைவிட அதிகமாக ஏமாற்றப்பட்டவர்.

அடுத்தது மின்சாரம். அதிகாரிகள் வந்து பார்த்து, அனுமதியில் இல்லாத மாடி இருப்பதால் பணி நிறைவுச் சான்றிதழ் தர மறுத்துவிட்டார்கள். அது இல்லாமல் நிரந்தர இணைப்பு கிடைக்கவில்லை. கட்டுமானத்துக்காக எடுத்த தற்காலிக இணைப்பிலேயே ஓடியது. அந்தக் கட்டணம் வீட்டுக் கட்டணத்தைவிட மிக அதிகம், எல்லா வீட்டுக்கும் கிடைக்கிற 100 யூனிட் இலவசமும் இல்லை. கூடவே, நகர் ஊரமைப்புச் சட்டம் 56, 57 பிரிவுகளின் கீழ் நோட்டீஸ் வந்தது. தப்பு செய்தது பில்டர், நோட்டீஸில் எங்கள் பெயர்களும் இருந்தன.

"ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதே சட்டத்தின் 113-சி பிரிவில் வந்த வரன்முறை 2007 ஜூலை 1-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கானது. கடலோரத்தில் இன்னொரு பூட்டும் இருக்கிறது. உயர் அலைக் கோட்டிலிருந்து (அலை ஏறி வரும் எல்லை) 500 மீட்டருக்குள் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல (சி.ஆர்.இசட்.) விதிகள் பொருந்தும். 1991-ல் வந்து, 2011-லும் 2019-லும் மாறிய விதிகள் அவை. ஏற்கெனவே வளர்ந்த நகரப் பகுதி என்றால், முன்பே இருக்கிற சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலத்தின் பக்கம்தான் கட்டலாம், அதுவும் அனுமதித்த பரப்பளவுக்குள். எங்கள் புரோக்கர் "நடுவுல ரோடு இருக்கு, சி.ஆர்.இசட். பிரச்சினையே இல்ல" என்றார். ரோடு இருப்பது உண்மை. ஆனால் மேலே ஒரு மாடி போட்டுக்கொள்ள அந்த ரோடு அனுமதி தராது. எவன் வந்து இடிக்கப் போறான் என்கிறவர்களுக்கு மரடு ஞாபகம் இருக்கட்டும். கொச்சியில் கடலோர விதியை மீறிக் கட்டிய நான்கு அடுக்குமாடிகளை 2019-ல் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொல்லி, 2020 ஜனவரியில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அவற்றிலும் எங்களைப் போல வாங்கியவர்கள்தான் குடியிருந்தார்கள்.

கட்டுமானத்தையும் சொல்லியாக வேண்டும். போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. கான்கிரீட் கலந்ததும், அது இறுக நனைத்துக் கியூரிங் செய்ததும் அதே தண்ணீரில்தான் என்று சைட்டில் வேலை பார்த்த மேஸ்திரியே பிறகு சொன்னார். இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. எங்கள் பால்கனியின் அடிப்பக்கம் பழுப்பு நிறத்தில் நேர்கோடாகக் கறை ஓடுகிறது. விரலால் தட்டினால் பொத்தென்று சத்தம். ஒரு இடத்தில் பூச்சு உதிர்ந்து, துரு ஏறி ஊதிப்போன கம்பி வெளியே தெரிகிறது. கடற்காற்றுக்காகக் கம்பியின் மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டிய இடத்தில் ஒரு விரல் கனம்கூட இல்லை. குடிக்கவும் குளிக்கவும் லாரித் தண்ணீர்தான். விளம்பர நோட்டீஸில் "24 மணி நேர நல்ல தண்ணீர்" என்று போட்டிருந்தார்கள்.

வாங்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் அன்று எடுத்த ஈ.சி.யோடு நின்றுவிடாதீர்கள். கடைசித் தவணைக்கு முன் அந்த சர்வே எண்ணுக்கு இன்னொரு முறை எடுத்து, பங்குகளைக் கூட்டி, நில அளவோடு ஒப்பிடுங்கள். அதே பில்டர் முன்பு கட்டிய கட்டடத்துக்குப் போய், அனுமதியில் உள்ள மாடியும் கண்ணில் தெரிகிற மாடியும் ஒன்றா என்று எண்ணுங்கள். அங்கே குடியிருப்பவர்களிடம் மின் இணைப்பு வீட்டுக் கட்டணத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். வாட்ச்மேனிடம் வாரத்துக்கு எத்தனை லாரி வருகிறது என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார். கட்டுமான ஒப்பந்தத்தில், கடைசித் தவணை நிறைவுச் சான்றிதழும் நிரந்தர மின் இணைப்பும் வந்த பிறகுதான் என்று எழுதி வாங்குங்கள், கூடுதல் மாடி கட்ட மாட்டேன் என்ற வரியும் இருக்கட்டும். இதற்குச் சம்மதிக்காத பில்டரிடம் வாங்காதீர்கள்.

நாங்கள் கொடுத்த விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் மாவட்ட ஆணையத்துக்குப் போக முடியாது, மாநில நுகர்வோர் ஆணையத்தில்தான் வழக்குப் போட்டிருக்கிறோம். மேல் மாடிக் குடும்பங்கள் இரண்டும் எங்களோடு சேர்ந்திருக்கின்றன. இதே பகுதியில் இதே மாதிரி கூடுதல் மாடி, கூடுதல் பங்கு என்று மாட்டிக்கொண்டவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். ஈ.சி.யையும் திட்ட அனுமதி நகலையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் வக்கீல் கேட்கிற முதல் இரண்டு காகிதம் அவைதான்.