ஜாவா புரோகிராம் திடீரென்று விழுகிறதா? ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்துகொண்டு எடை மேடைகளுக்கு சாஃப்ட்வேர் செய்து தருகிறேன். பெரும்பாலும் மணலி, திருவொற்றியூர் பக்கம் கண்டெய்னர் லாரிகள் ஏறி இறங்கும் மேடைகள். புரோகிராம் ஜாவாவில் எழுதியது. எடையைக் காட்டும் இண்டிகேட்டர் பெட்டியிலிருந்து சீரியல் போர்ட் வழியாக எடையை வாங்கும் பகுதி மட்டும் சி-யில் உள்ள சிறு லைப்ரரி. ஜாவாவிலிருந்து சி கோடை அழைக்க உதவும் ஜேஎன்ஐ மூலம் அதைக் கூப்பிடுகிறேன். எனக்கு ஜாவா தெரியும், சி அவ்வளவாக வராது.

மணலியில் ஒரு மேடையில் இந்தப் புரோகிராம் நாளுக்கு இரண்டு மூன்று முறை சொல்லாமல் கொள்ளாமல் விழ ஆரம்பித்தது. லாரி மேடைமேல் நிற்கும், திரை காலியாக இருக்கும், பின்னால் வரிசையில் ஹார்ன் அலறும். ஜாவாவில் பிழையைப் பிடிக்கும் டிரை-கேட்ச் போட்டுப் பயனில்லை. சி கோடு தொடக்கூடாத நினைவக முகவரியைத் தொட்டால் எக்செப்ஷன் வராது, ஜாவா புரோகிராமை ஓட்டும் ஜேவிஎம்மே மொத்தமாக நின்றுவிடும். நிற்கும் முன் 'எச்எஸ்_எர்ர்_பிஐடி' என்று தொடங்கும் ஒரு லாக் ஃபைலை மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போகும். என்ன நடந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

நேட்டிவ் கோடு, அதாவது இப்படி ஜாவாவுக்கு வெளியே சி-யில் எழுதிய பகுதியின் பிழைகளைச் சரிசெய்து தருவதாகச் சொன்ன ஒருவரிடம் போனேன். பாரிமுனைப் பக்கம் அலுவலகம். 38,000 ரூபாய் பேசி, 20,000 முன்பணம் கொடுத்தேன். ஒரு லாக்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் பதில்: "சார், ப்ராப்ளமேடிக் ஃபிரேம்ல லிப்ஜேவிஎம்னு போட்டிருக்கு பாருங்க. ஜாவாவோட கோளாறு. உங்க லைப்ரரியில ஒண்ணும் இல்ல." ப்ராப்ளமேடிக் ஃபிரேம் என்பது எங்கே விழுந்தது என்று சொல்லும் லாக்கின் மேல் வரி, லிப்ஜேவிஎம் என்பது ஜேவிஎம்மின் சொந்த லைப்ரரி. ஜாவா வெர்ஷனை மாற்றினார், ரேம் கூட்டச் சொன்னார், 4,500 ரூபாய்க்கு அதையும் வாங்கிப் போட்டேன். அப்புறம் ஒரு நாள் மேடைக்கே வந்து ஏதோ செய்துவிட்டு, "இனிமே விழாது சார்" என்றார்.

உண்மையிலேயே யாரும் புகார் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து மேடைக்காரர் கூப்பிட்டார்: ஒரே எண்ணில் இரண்டு லாரிகளுக்குச் சீட்டு போயிருக்கிறது, இரண்டிலும் எடை வேறு. எடைச் சீட்டை நம்பித்தான் அங்கே வாடகையும் சரக்குக் கணக்கும் ஓடுகின்றன. எனக்குக் கை கால் ஆடிவிட்டது.

போய்ப் பார்த்தால், புரோகிராம் விழுவது நிற்கவே இல்லை. விழுந்தவுடன் திரும்ப எழுப்பும் ஒரு ஷெல் ஸ்கிரிப்டை வைத்திருந்தார். எழுப்பும் முன் அதே ஸ்கிரிப்ட் அந்த லாக் ஃபைல்களை எல்லாம் அழித்துக்கொண்டிருந்தது. விழும் நேரத்து நினைவகத்தின் நகலான கோர் டம்ப் வராதபடி, அதன் அளவு வரம்பான யூலிமிட்டையும் பூஜ்யமாக்கியிருந்தார். சீட்டு அச்சாகி, பதிவு சேமிக்கப்படும் முன் விழுந்தால், அடுத்த லாரிக்கும் அதே எண் போகும். அச்சடிப்பதற்கு முன் சேமிக்காதது என் தவறு, அதை அன்றே மாற்றிவிட்டேன். ஆனால் சாட்சியை அழித்தது அவர்.

தண்டையார்பேட்டையில் இருக்கும் அக்கா மகள் வேலையில் சி எழுதுகிறவள். வாட்ஸ்அப்பில் மிச்சமிருந்த அந்த ஒரே லாக்கைக் காட்டினேன். "மாமா, மேல் வரிய மட்டும் பார்த்தா எப்படி? கீழே நேட்டிவ் ஃபிரேம்ஸ்னு இருக்கு, அதைப் படிங்க" என்றாள். எது எதைக் கூப்பிட்டது என்று சொல்லும் அந்தப் பட்டியலில், லிப்ஜேவிஎம்முக்கு அடுத்த வரியிலேயே எங்கள் லைப்ரரியின் பெயர் இருந்தது. சி கோடு தப்பான பாயிண்டரை, அதாவது நினைவக முகவரியைக் கொடுத்தால், அதை வாங்கிக்கொண்ட ஜேவிஎம் தனக்குள் போய் விழும். லாக்கில் ஜேவிஎம் பெயர் முதலில் வருவதால் ஜாவாதான் குற்றவாளி என்று ஆகிவிடாது.

மேடையில் இல்லாமல் வீட்டில் வேறு கணினியில், ஜேஎன்ஐ அழைப்புகளைச் சோதிக்கும் 'எக்ஸ்செக்:ஜேஎன்ஐ' என்ற ஆப்ஷனுடன் ஓட்டச் சொன்னாள். வேகம் குறைந்தது. ஆனால் சி கோடு ஜேவிஎம்மோடு பேசப் பயன்படுத்தும் ஜேஎன்ஐஎன்வி-யை, ஜாவாவோடு சேராத திரெட்டில் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் வேலையில்) பயன்படுத்துகிறாய் என்று ஜேவிஎம்மே எழுதிக்காட்டிவிட்டது. போர்ட்டைப் படிக்க லைப்ரரி தனி திரெட் ஒன்றைத் தொடங்கி, மெயின் திரெட்டின் ஜேஎன்ஐஎன்வி-யை அங்கே பயன்படுத்தியிருக்கிறது. ஜேஎன்ஐஎன்வி அந்தந்த திரெட்டுக்கே சொந்தம். எடையைத் திருப்பிச் சொல்ல வேண்டிய ஜாவா ஆப்ஜெக்டையும், நாமே விடுவிக்கும்வரை செல்லும் குளோபல் ரெஃபரன்ஸ் ஆக்காமல் பிடித்து வைத்திருந்தது. நேட்டிவ் மெத்தட் திரும்பியவுடன் அந்த லோக்கல் ரெஃபரன்ஸ் செல்லாது. புதிய திரெட்டை ஜேவிஎம்மில் முறையாக அட்டாச் செய்து, நியூகுளோபல்ரெஃப் போட்டாள். இரண்டு மாலை வேலை, அவ்வளவுதான்.

நேட்டிவ் கோடு வேலையை வெளியில் கொடுக்கிறவர்கள், முதலில் அந்த லாக் ஃபைல்களை உங்கள் பென்டிரைவில் ஒரு காப்பி எடுத்துவிடுங்கள். 'எர்ரர்ஃபைல்' ஆப்ஷனில் தனி ஃபோல்டரோடு %p உள்ள ஃபைல் பெயரையும் சேர்த்துக் கொடுத்தால் இனி வருபவையும் அங்கே சேரும். வேலை முடிந்தது என்று சொன்னால், சி கோடில் எந்த வரி மாறியது என்று காட்டச் சொல்லுங்கள். ஸ்டார்ட் ஸ்கிரிப்டைத் திறந்து நீங்களே படியுங்கள். என்னிடம் அவர் ஒரு வரி சி கூடக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

மீதி 18,000 கேட்டு இன்னும் போன் வருகிறது. அழித்த லாக்குகளைப் பற்றிக் கேட்டால் லைனைத் துண்டித்துவிடுகிறார். முன்பணம் திரும்பி வரவில்லை.