கனடாவா, அவுஸ்திரேலியாவா: மைசூர்ப் பருப்பை எங்கிருந்து இறக்குவது?

இலங்கையில் பயறும் உளுந்தும் கௌப்பியும் விளைந்தாலும், கொழும்புச் சமையலறைகளின் மைசூர்ப் பருப்பு கடல் கடந்தே வருகிறது. ஆகவே புறக்கோட்டையில் புதிதாக இறக்குமதியில் இறங்குவோர் இவ்விரு நாடுகளுக்கிடையே தடுமாறுவது இயல்பே.

அறுவடை, கனடா: மே மாதத்தில் விதைத்து ஓகஸ்ட், செப்டெம்பரில் அறுக்கிறார்கள்.
அறுவடை, அவுஸ்திரேலியா: பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை.

போக்குவரத்து, கனடா: விளைச்சலின் பெரும்பகுதி கடலிலிருந்து வெகுதொலைவிலுள்ள சஸ்கச்சுவான் மாகாணத்தில் கிடைப்பதால், அது வன்கூவருக்கோ மொன்றியலுக்கோ புகையிரதத்தில் நெடுந்தூரம் சென்ற பின்னரே கப்பலேறுகிறது, 2024 ஓகஸ்டில் அந்நாட்டின் இரு பெரும் புகையிரத நிறுவனங்களின் சேவை ஒரே வேளையில் முடங்கியதை வாங்குவோர் மறக்கக்கூடாது.
போக்குவரத்து, அவுஸ்திரேலியா: விக்டோரியா, தென் அவுஸ்திரேலியா வயல்களுக்கு மெல்பேர்ண், அடிலெய்ட் துறைமுகங்கள் ஒப்பளவில் அருகில், கொழும்புக்கான கடல்வழியும் குறுகியது.

வறட்சி இரு நாடுகளையும் தாக்கும். 2021இல் கனடியப் புல்வெளி மாகாணங்களின் விளைச்சல் கடுமையாக வீழ்ந்தது.

வகை, கனடா: சிவப்பு, பச்சை இரண்டும் பேரளவில் உண்டு.
வகை, அவுஸ்திரேலியா: பெரும்பாலும் சிவப்பு மட்டுமே.

சிறு முதலுடன், சரக்கு விரைவில் கைக்கு வரவேண்டும் என்போருக்கு அவுஸ்திரேலியாவே பொருந்தும் என்பது என் கணிப்பு. பச்சை வகையும் தேவைப்படுவோர், ஆண்டு முழுவதற்குமான பேரளவுக் கொள்வனவைத் திட்டமிடுவோர் கனடாவை நாடலாம். எங்கிருந்து வாங்கினாலும், சொந்தமாக உடைக்கும் ஆலை இல்லாதவர்கள் முழுப்பருப்பின் விலையைப் பார்த்து மயங்காமல், தோல் நீக்கி உடைக்கும் கூலியையும் தவிட்டுச் சேதத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.