பக்கவாதம்: முதலில் சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா?

பக்கவாதம் என்று வந்தவரை மருத்துவர் சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பினால், "எம்.ஆர்.ஐ. இன்னும் தெளிவாக இருக்குமே" என்று வீட்டார் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான்.

சி.டி.யில் எக்ஸ்ரே குழாய் உடலைச் சுற்றிச் சுழல்கிறது. எதிர்ப்புற உணரிகள் பதிவுசெய்வதைக் கணினி கோத்து, வாழைத்தண்டை வட்டமாக நறுக்கியதுபோலக் குறுக்குவெட்டுப் படங்களாகத் தருகிறது. 1971-இல் லண்டனில் பிரிட்டிஷ் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதன்முதலில் ஒரு நோயாளியின் மூளையைப் படமெடுத்தபோது நெடுநேரம் பிடித்தது. இன்று சில நொடிகள் போதும்.

அந்த வேகம்தான் இங்கே முக்கியம். பக்கவாதத்துக்குக் காரணம் மூளையில் ரத்தம் கசிந்ததா, ரத்தக்குழாய் அடைத்ததா? புதிய கசிவு சி.டி.யில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்துவிடும். அடைப்பு என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கசிவு இருக்கும்போது போட்டால் உயிருக்கே ஆபத்து.

எம்.ஆர்.ஐ. காந்தத்தாலும் ரேடியோ அலைகளாலும் இயங்குகிறது. எக்ஸ்ரே கதிர் கிடையாது. சின்ன அடைப்பு, தண்டுவடம், மூட்டுச் சவ்வு எல்லாம் அதில்தான் துல்லியம். ஆனால் பெரும்பாலும் இருபது நிமிடத்துக்கு மேல் அசையாமல் படுத்திருக்க வேண்டும். இதயத்துடிப்பைச் சீராக்கப் பொருத்தும் சில பேஸ்மேக்கர்களுடன் உள்ளே போகவும் கூடாது.

தலை சி.டி.யின் கதிர்வீச்சு சுமார் 2 மில்லிசீவர்ட் (கதிர் அளவின் அலகு). அவசரத்தில் அதற்காகத் தயங்கவே வேண்டாம். நாள்பட்ட முதுகுவலி என்றால் சரி, எம்.ஆர்.ஐ.யைப் பற்றி மருத்துவரிடம் நிதானமாகப் பேசலாம்.