மேட்டுப்பாளையத்தில் வேர்வை, கோத்தகிரியில் நடுக்கம்: பைக்கில் எதை மாட்டுவது, எதில் மூட்டை கட்டுவது?

எலெக்ட்ரானிக் தராசு பழுது பார்ப்பது என் தொழில். கோத்தகிரி சுற்றுவட்டாரத்தில் பச்சைத் தேயிலை எடை போடும் கொட்டகைகளுக்கு வாரம் இரண்டு நாள் போகிறேன். மார்கழி, தை என்று பார்க்க முடியாது. மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டர்தான். ஆனால் போய் இறங்கியதும் அரிசி அளவுத் திருகாணியை விரலில் பிடிக்க வேண்டும். விரல் விறைத்திருந்தால் அது நழுவிப் புல்லுக்குள் போய்விடும்; அப்புறம் அரை மணி நேரம் அதைத் தேடியே போகும். பையில் 5 கிலோ எடைக்கல் நான்கு இருக்கும், கருவிகள் தனி. குளிரும் சுமையும் எனக்கு ஒரே நாளில், ஒரே வண்டியில் வருகிற பிரச்சினை. ஆறு வருடத்தில் பலவற்றை மாட்டிப் பார்த்து, கழற்றிப் போட்டு, இப்போது வைத்திருப்பது எது, ஏன் என்று எழுதுகிறேன். வண்டி ஸ்ப்ளெண்டர். புல்லட், ஹிமாலயன் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு மாறும் இடங்களில் சொல்கிறேன்.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டரும் சொச்சமும். ஊட்டி 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அதாவது ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள் பன்னிரண்டு டிகிரி குறைந்துவிடுகிறது. திரும்பி வரும்போது மதியம் மலையடிவாரத்துக் கல்லாறு தாண்டினால் ஜாக்கெட்டுக்குள் வேர்த்து ஊற்றும். மேலே போட்டதை எல்லாம் கீழே கழற்ற வேண்டும்; கழற்றியதை வைக்க இடம் வேண்டும். அதனால்தான் குளிருக்கு வாங்குவதையும் மூட்டைக்கு வாங்குவதையும் தனித்தனியாக யோசிக்கக் கூடாது என்கிறேன். லடாக் போகிறவர்களின் பட்டியல் இங்கே அப்படியே ஒத்து வராது.

முதலில் கை.

இதற்கு நான்கு வழி இருக்கிறது: கையுறை, ஹேண்டில் பாரில் வரும் பிளாஸ்டிக் ஹேண்ட் கார்டு, ஹேண்டிலோடு சேர்த்துக் கையை மூடும் துணி உறை, மின்சாரத்தில் சூடாகும் ஹீட்டட் கிரிப். கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் ஆசையாகக் கேட்கிறார்கள். நானும் அதைத்தான் முதலில் வாங்கினேன்.

ஹீட்டட் கிரிப் பெரும்பாலும் 30 முதல் 40 வாட் இழுக்கும். 36 வாட் என்று வைத்துக்கொண்டால் 12 வோல்ட்டில் 3 ஆம்பியர். ஸ்ப்ளெண்டரின் பேட்டரியே 3 ஆம்பியர்-அவர்தான்; அதாவது 3 ஆம்பியர் இழுத்தால் ஒரு மணி நேரத்துக்குத்தான் தாங்கும். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். கொண்டை ஊசியில் முதல் கியரில், குறைந்த ஆர்பிஎம்மில் ஏறும்போது வண்டி தயாரிக்கிற கரண்ட்டில் மிச்சம் கொஞ்சம்தான். கிரிப்பை மாட்டிக் கொடுத்த மெக்கானிக் தம்பி அன்றைக்கே கேட்டார்: "ஏனுங்ணா, இத்தன கரண்ட்டு இந்த வண்டிக்கு எங்கிருந்துங்ணா வரும்?" மூன்றாவது வாரம் அதற்குப் பதில் கிடைத்தது. வயரை நேராகப் பேட்டரியில் கொடுத்திருந்ததால், சாவியை எடுத்த பிறகும் கிரிப் சூடாகிக்கொண்டே இருந்தது. வேலை முடித்து வந்து பார்த்தால் செல்ஃப் எடுக்கவில்லை, ஹார்ன் முனகக்கூட இல்லை. கிக்கரை உதைத்து உதைத்துத்தான் கிளப்பினேன். மாட்டுவதென்றால் ரிலே வைத்து, சாவி போட்டால்தான் கரண்ட் போகும்படி மாட்டுங்கள். ஹிமாலயன் 411 போல 220 வாட் ஆல்டர்னேட்டர் (ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் பாகம்) உள்ள வண்டிக்கு இது பெரிய சுமை இல்லை. 100, 125 சிசி வண்டிக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

கரண்ட் போதுமானதாக இருந்தாலும் இன்னொரு குறை உண்டு. கிரிப் சூடாக்குவது உள்ளங்கையை. காற்று அடிப்பது புறங்கையில், விரல் முட்டிகளில். வளைவுக்கு வளைவு இரண்டு விரல் பிரேக் லீவரில் இருக்கும். அந்த இரண்டு விரலுக்கும் கிரிப்பின் சூடு போகவே போகாது. எனக்கு ஊசி குத்துவது போல வலித்ததும் அதே இரண்டு விரல்கள்தான்.

அப்போதுதான் காற்றைப் பற்றி யோசித்தேன். 10 டிகிரிக் குளிரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால், வானிலைத் துறைகள் பயன்படுத்தும் காற்றுக்குளிர்க் கணக்குப்படி, திறந்த தோலுக்கு அது 6 டிகிரி போல இருக்கும். 5 டிகிரியில் அதே வேகம் என்றால் பூஜ்ஜியத்துக்குக் கீழே. காற்றை மட்டும் தடுத்துவிட்டால் அந்த நான்கைந்து டிகிரி செலவில்லாமல் திரும்பக் கிடைக்கிறது.

அந்தக் கணக்கில் ஜெயிப்பது துணி உறைதான். பார்க்க அழகாக இருக்காது, இரண்டு தலையணையை ஹேண்டிலில் கட்டியது போல இருக்கும். ஆனால் உள்ளே சாதாரண மெல்லிய கையுறை போதும். லீவரின் தொடுகை தெளிவாகத் தெரியும். விலையும் ஹீட்டட் கிரிப்போடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இண்டிகேட்டர், ஹார்ன் ஸ்விட்சைக் கண்ணால் பார்க்க முடியாது, விரல் பழக வேண்டும். ஒரு கையை வெளியே எடுத்தால் திரும்ப நுழைக்க ஒரு நொடி தடுமாறும். முக்கியமானது, உறை தொளதொளவென்று இருந்தால் காற்றின் அழுத்தத்தில் துணி பிரேக் லீவர்மேல் படுத்து அழுத்தும். மாட்டியதும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, டேங்கில் சிக்குகிறதா, லீவர் தானாகத் திரும்புகிறதா என்று வீட்டு வாசலிலேயே பாருங்கள். மலைக்குப் புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. அவர்களுக்கு ஹேண்ட் கார்டும் காற்று புகாத கையுறையும் போதும்.

ஹேண்ட் கார்டு காற்றில் பாதியைத்தான் தடுக்கும், ஆனால் வருடம் முழுக்க வண்டியிலேயே இருக்கும், மழைக்கும் உதவும். நான் அதை நிரந்தரமாக மாட்டிவிட்டேன். துணி உறை மார்கழியிலும் தையிலும் மட்டும்.

கையுறையில் ஏமாறுகிற இடம் கம்பளி. ஊட்டி திபெத்தியன் மார்க்கெட்டில் வாங்கியது இறங்கி நடக்கும்போது இதமாக இருக்கும், வண்டியில் காற்று அதற்குள் வலைக்குள் போவது போலப் போய்விடும். உள்ளே டாக்டர்கள் போடும் ரப்பர் கையுறை ஒன்று போட்டால் காற்று நிற்கும். ஆனால் அரை மணியில் வேர்த்து, அந்த ஈரமே பிறகு குளிரும். தோல் கையுறை காற்றுக்கு நல்லது, நனைந்தால் இரண்டு நாள் காயாது. எதுவானாலும் ஒரு சுற்றுத் தளர்வாக வாங்குங்கள். இறுக்கிப் பிடித்தால் ரத்த ஓட்டமும் குறையும், சூட்டைப் பிடித்து வைக்கும் காற்று நிற்க உள்ளே இடமும் இருக்காது.

உடம்புக்கு வருவோம். நெஞ்சும் கழுத்தும் குளிர்ந்தால் உடம்பு உள்ளுறுப்புகளைக் காக்க விரல்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். எத்தனை நல்ல கையுறை போட்டாலும் அப்போது விரல் விறைக்கும். கோவை வெயிலுக்கென்று வாங்கிய வலைத்துணி ரைடிங் ஜாக்கெட்டைக் கோத்தகிரிக்குப் போட்டுப் போனால் இதுதான் நடக்கும். இதற்காகக் குளிர்கால ஜாக்கெட் தனியாக வாங்க வேண்டியதில்லை. அதே ஜாக்கெட்டின்மேல் ரெயின்கோட், உள்ளே ஒரு தெர்மல். திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய தெர்மல் பனியன் நல்ல தரத்தில், மலிவாகக் கிடைக்கிறது. கழுத்துக்கு ஒரு துண்டு. அம்மா இன்றைக்கும் வாசலில் நின்று சொல்வார்: "கண்ணு, நெஞ்சுல ஒரு பேப்பர் வெச்சுட்டுப் போ." நாளிதழை இரண்டாக மடித்து பனியனுக்கும் சட்டைக்கும் நடுவில் வைப்பது அப்பா காலத்துப் பழக்கம். அது உண்மையிலேயே காற்றை நிறுத்துகிறது. மேட்டுப்பாளையம் வந்ததும் உருவிவிடலாம், பையில் இடமும் பிடிக்காது.

உயரமான விண்ட்ஷீல்டு புல்லட்காரர்களுக்கு நெஞ்சில் அடிக்கும் காற்றைக் குறைக்கும். சின்ன வண்டியில் பக்கக்காற்றில் ஹேண்டில் ஆடுகிறது; எனக்கு ஒத்து வரவில்லை.

இனி மூட்டை. கேரியரில் கட்டுவது, பின்பெட்டி, இரண்டு பக்கமும் தொங்கும் சேடில் பை, பெட்ரோல் டேங்கின்மேல் வைக்கும் டேங்க் பை. இரும்புச் சட்டத்தில் மாட்டும் அலுமினியப் பெட்டியைச் சேர்க்கவில்லை. அதன் அகலம் கொண்டை ஊசியில் எதிரே பஸ் வரும்போது உறுத்தும், சட்டத்தின் எடையே நம் வண்டிக்கு அதிகம்.

கேரியரும் பழைய டியூபும் நம் ஊரின் முதல் வழி. பஞ்சர் கடையில் கிடைக்கும் டியூபை நீளமாக அறுத்துக் கட்டினால் இழுவையும் உண்டு, கொக்கியும் கிடையாது. கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு வேண்டவே வேண்டாம். குஞ்சப்பனைக்குக் கீழே ஒரு குழியில் வண்டி குதித்தபோது ஒரு கொக்கி கழன்று பின் சக்கரக் கம்பிகளுக்குள் போனது. மெதுவாக ஏறிக்கொண்டிருந்ததால் கயிறு அறுந்ததோடு போயிற்று. இறக்கத்தில் என்றால் சக்கரம் பூட்டியிருக்கும். டியூப் வெயிலில் வெடித்துப் போகும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பக்கிள் வைத்த நாடா அதைவிட உறுதி. ஆனால் அது இழுபடாது, முதல் ஐந்து கிலோமீட்டரில் மூட்டை அமர்ந்ததும் நிறுத்தி ஒருமுறை இறுக்குங்கள். மூட்டைக்கு அடியில் ஒரு சாக்கை மடித்துப் போட்டால் நழுவாது.

பின்பெட்டிக்கு இரண்டு பெரிய பலம். ஒன்று பூட்டு. இன்னொன்று குரங்கு. பர்லியாறு பக்கமும் கோத்தகிரி ரோட்டிலும் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கிற நேரத்தில் குரங்கு ஜிப்பை இழுத்துத் திறந்துவிடும். சாப்பாட்டு வாசனை வந்தால் துணிப் பையைக் கிழிக்கவும் செய்யும். பெட்டியை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அதன் பலவீனம் அதன் இடம். பின் அச்சுக்கும் பின்னால், உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. முதல் வாரம் எடைக்கல் இரண்டை அதில் போட்டு ஏறினேன். ஏற்றத்தில் முன் சக்கரம் லேசாகி, வளைவில் ஹேண்டில் காகிதம் போலத் திரும்பியது. நல்ல பெட்டிகளிலேயே 10 கிலோ வரைதான் என்று அச்சிட்டிருப்பார்கள். மலைக்கு அதில் பாதியைத்தான் நான் வைப்பேன்.

எடைக்கல்லுக்குச் சேடில் பைதான். பக்கத்துக்கு இரண்டு கல், சமமாக, பையின் அடியில், முடிந்தவரை முன்னால் தள்ளி. கனம் இடுப்புக்குக் கீழே போனதும் வண்டி மறுபடி என் சொல்பேச்சு கேட்டது. கவனிக்க வேண்டியவை இரண்டு. வலப்பக்கம் சைலன்சர்: என் முதல் பையின் மூலை அதில் பட்டு உருகி, மாத்திரை உறை போலச் சுருங்கியது, சைலன்சருக்கும் பைக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி வேண்டும், அதற்கு ஒரு சின்னக் கம்பித் தாங்கி அடித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் புடவை கார்டு: பை நன்றாக உட்கார வேண்டுமென்று சிலர் அதைக் கழற்றச் சொல்வார்கள், கழற்றாதீர்கள். பின்னால் உட்காருபவரின் உடை சக்கரத்தில் சிக்காமல் இருக்கும் மறைப்பு மத்திய மோட்டார் வாகன விதி 123-ன்படி கட்டாயம். பையை நிலையாகப் பிடித்து நிறுத்துவதும் அதே கார்டுதான்.

மழைக்கு, மேலே மாட்டும் உறை வேண்டாம், காற்றில் பலூன் போல உப்பி அடியில் தண்ணீர் தேங்குகிறது. வாயைச் சுருட்டி மூடும் நீர்புகாப் பை வாங்குங்கள். பாலித்தீன் பையில் சுற்றி எடுத்துப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, செக்போஸ்ட்டில் பார்த்து வாங்கி வைத்துவிடுவார்கள்.

டேங்க் பை கருவிகளுக்கும் போனுக்கும் நல்லது, கனம் வண்டியின் நடுவில் இருக்கும். பெட்ரோல் போட ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டும், அவ்வளவுதான். காந்தம் வைத்த பை பிளாஸ்டிக் மூடியுள்ள டேங்கில் ஒட்டாது.

டிவிஎஸ் எக்ஸ்எல் 100 மொபெட் வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் வாங்கவே வேண்டாம். பால் கேனும் வாழைத்தாரும் ஏற்றுகிற அந்தத் தட்டையான முன்பலகைதான் சுமைக்கு மிகச் சரியான இடம்: தாழ்வு, நடு, கண் முன்னால். அதன் சுமை அளவு 130 கிலோ. அதில் ஓட்டுகிறவரின் எடையும் அடக்கம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். சத்தியமங்கலத்துக்கு மேலே உள்ள திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசியிலும் சுமையோடு அது ஏறுகிறது, மெதுவாக.

மனைவி கூட வருகிற நாளில் என் ஏற்பாடு கொஞ்சம் மாறும். எடைக்கல் இரண்டுதான், சேடில் பையில், பக்கத்துக்கு ஒன்று. பின் டயரில் காற்றை, இருவர் போகும்போது இவ்வளவு என்று வண்டிப் புத்தகம் சொல்கிற அளவுக்கு ஏற்றிக்கொள்வேன். பின்பெட்டியில் மதியச் சாப்பாடும், இறங்கும்போது நாங்கள் கழற்றப்போகும் ஸ்வெட்டர் இரண்டும் துண்டும் மட்டும்.