டைனிஇன்ட், ஸ்மால்இன்ட்: பல ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

பெங்களூரில் பொருள் விநியோகம் செய்யும் ஒரு நிறுவனத்தின் தரவுத்தளங்களைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். ஒவ்வொரு விநியோகத்துக்கும் ஒரு பதிவு என்பதால் முதன்மை அட்டவணை கோடிக்கணக்கில் வளர்ந்துவிட்டது. அதில் நிலைக்குறியீடு, வாகன வகை, வார்டு எண் போன்றவற்றை டைனிஇன்ட், ஸ்மால்இன்ட் என்ற சிறிய முழு எண் வகைகளில் வைத்திருக்கிறோம்.

மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் இதன் பலன் கண்கூடு. வழக்கமான முழு எண் வகையான இன்ட் 4 பைட் எடுத்துக்கொள்ளும் இடத்தில் ஸ்மால்இன்ட்டுக்கு 2, டைனிஇன்ட்டுக்கு 1 போதும். 10 கோடிப் பதிவுகள் உள்ள அட்டவணையில் ஒரே ஒரு நெடுவரிசையை இன்ட்டிலிருந்து டைனிஇன்ட்டுக்கு மாற்றினாலே ஏறத்தாழ 300 எம்பி மிஞ்சும்; அதற்கு இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அட்டவணைக் குறிப்பு) இருந்தால் அங்கும் அதே அளவு குறையும். வட்டில் இடம் மலிவுதானே என்று சிலர் கேட்பதுண்டு. பஃபர் பூலுக்குள், அதாவது தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் பகுதிக்குள், கூடுதல் பதிவுகள் தங்குவதையே நான் மெய்யான ஆதாயமாகக் கருதுகிறேன்.

போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில் இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. அங்கே டைனிஇன்ட் வகையும் இல்லை, எதிர்ம எண்களை ஏற்காத அன்சைன்ட் வகையும் இல்லை. 8 பைட் முழு எண் வகையான பிக்இன்ட் 8 பைட் எல்லையில்தான் தொடங்க வேண்டும் என்பதால், பதிவின் தொடக்கத்தில் ஒரு ஸ்மால்இன்ட்டை வைத்து அடுத்து பிக்இன்ட்டை வைத்தால் இடையில் 6 பைட் வெறுமனே கிடக்கும். சிறிய நெடுவரிசைகளை அடுத்தடுத்து அடுக்கினால் மட்டுமே மிச்சம் கிடைக்கிறது. ஒற்றை நெடுவரிசை பி-ட்ரீ இண்டெக்ஸிலோ ஸ்மால்இன்ட், இன்ட், பிக்இன்ட் மூன்றுக்குமே ஒரு உள்ளீடு 16 பைட்தான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பெட்டியின் நீளமும் அகலமும் தலா 200 செ.மீ. என்று ஸ்மால்இன்ட்டில் இருந்து, பரப்பளவுக்காக இரண்டையும் பெருக்கினால், விடை 40,000 என்பது ஸ்மால்இன்ட்டின் உச்சவரம்பான 32,767ஐத் தாண்டுவதால் வினவல் பிழையோடு நின்றுவிடும். பெருக்கும் முன் ஒன்றையாவது இன்ட்டாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

வகையைத் தேர்ந்தெடுக்கும்போது இன்றைய மதிப்பு எவ்வளவு என்பதைவிட, அதன் உச்சவரம்பு யார் கையில் இருக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வாகன வகைகளை நாங்களே வகுப்பதால் டைனிஇன்ட் தாராளமாகப் போதும். வார்டு எண் அப்படியல்ல. பெங்களூரு மாநகராட்சியில் வெகுகாலம் 198 வார்டுகள் இருந்தன. 127உடன் முடியும் சாதாரண டைனிஇன்ட்டில் அது அடங்காது, 255 வரை செல்லும் அன்சைன்ட் டைனிஇன்ட்டில் அடங்கும். 2022 மறுவரையறையில் அது 243 ஆனபோது மிச்சம் இருந்தது 12 எண்களே. 2023இல் 225 ஆகக் குறைந்தது. 2025இல் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிந்துவிட்டதால், இப்போது வார்டு எண்ணுடன் மாநகராட்சிக் குறியீடும் தேவைப்படுகிறது. ஆகவே முன்னதை ஸ்மால்இன்ட்டிலும் பின்னதை டைனிஇன்ட்டிலும் வைத்திருக்கிறோம். அஞ்சல் குறியீட்டுக்கு மீடியம்இன்ட் மிகவும் பொருத்தம்: 560001 போன்ற ஆறிலக்க எண் 3 பைட்டில் அடங்கிவிடுகிறது.

போதாமல் போனபின் வகையை மாற்றுவது எளிதல்ல. மைஎஸ்க்யூஎல் அட்டவணை முழுவதையும் நகலெடுக்கும், அதுவரை எழுத விடாது. போஸ்ட்கிரெஸ் அட்டவணையைத் திரும்ப எழுதி முடிக்கும்வரை படிக்கக்கூட விடாது. மைஎஸ்க்யூஎல்லில் வரம்பு மீறிய மதிப்பை மறுக்கும் ஸ்ட்ரிக்ட் மோட் அணைந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்: அன்சைன்ட் டைனிஇன்ட்டுக்கு 300 என்று அனுப்பிய மதிப்பு வெறும் எச்சரிக்கையோடு 255 ஆகப் பதிவாகிவிடும்.

ஒவ்வொரு புதிய பதிவுக்கும் தானே ஏறும் எண்ணுக்கு ஸ்மால்இன்ட் வைப்பவர்களுக்கும் ஒரு சொல். ஓசூரிலிருந்து தினமும் வந்துபோகும் எங்கள் குழு நண்பர், சில நூறு பதிவுகளே இருந்த ஒரு குறிப்பு அட்டவணையில், 65,535 வரையே செல்லும் அன்சைன்ட் ஸ்மால்இன்ட்டில் அடுத்த எண் 60,000ஐத் தாண்டியிருப்பதைக் கவனித்துச் சொன்னார். ஏற்கெனவே உள்ள பெயரை, இருந்தால் விட்டுவிடும் இன்சர்ட் இக்னோர் கட்டளை மூலம் மறுபடி சேர்க்க முயலும் ஒவ்வொரு தடவையும் மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்புப் பொறியான இன்னோடிபி ஓர் எண்ணைச் செலவழித்துவிடுகிறது. பதிவு சேராவிட்டாலும் அந்த எண் திரும்பி வராது. அத்தகைய அட்டவணைகளில் இப்போது முதலில் தேடிப் பார்த்து, இல்லாவிட்டால் மட்டுமே சேர்க்கிறோம். அவற்றின் முதன்மைச் சாவியை இன்ட்டாகவே வைக்கிறோம்.