மார்போடு அணைத்தபடி சிங்கப்பூர் வரை: எர்கோபேபி ஆம்னி 360

என் மகளுக்கு 17 மாதம் ஆகியிருந்தபோது, துணைக்கு யாரும் இல்லாமல் அவளைச் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய பயணத்தில் விமானத்தின் வாசலில் ஒப்படைத்த தள்ளுவண்டி, இறங்கும்போது வாசலில் கிடைக்கவில்லை. லக்கேஜ் பெல்ட் வரை அவளை இடுப்பில் சுமந்து நடந்த பிறகு, முன்சக்கரம் உடைந்த நிலையில் அது வந்து சேர்ந்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான், வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுக் குழந்தையை உடலோடு கட்டிக்கொள்ளும் எர்கோபேபி ஆம்னி 360 தாங்கியை வாங்கினேன்.

இந்தத் தாங்கியில் குழந்தையை மார்பைப் பார்த்தபடியும், வெளியே பார்த்தபடியும், இடுப்பிலும், முதுகிலும் என நான்கு விதமாக வைத்துக்கொள்ளலாம். 20 கிலோ வரை தாங்கும் என்று நிறுவனம் குறிப்பிடுகிறது; என் மகளின் எடை அப்போது பத்தரைக் கிலோ. எடையில் பெரும்பங்கை அகலமான இடுப்புப்பட்டை ஏற்றுக்கொள்வதால் தோளில் பாரம் குறைகிறது. குழந்தையின் கால்கள் தொங்காமல், தொடை முழுவதும் துணியில் பதிந்து, முழங்கால்கள் பிட்டத்தைவிடச் சற்று மேலே இருக்கும்படி அமர்கிறது. நம் வீட்டுப் பெண்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்ளும்போது கால்கள் விரிந்து மடங்கியிருக்கும் நிலையும் ஏறத்தாழ இதுதான். இடுப்புக் கொக்கியின் பட்டையை முதலில் ஒரு எலாஸ்டிக் வளையத்துக்குள் நுழைத்த பிறகே பூட்ட வேண்டும். தவறிக் கொக்கி விடுபட்டாலும் பட்டை உடனே நழுவிவிடாமல் காப்பது அந்த வளையம்தான் என்பதால், அவசரத்தில்கூட அதை விட்டுவிடக் கூடாது.

விமான நிலையத்தில் இதன் அருமை, இரண்டு கைகளும் தேவைப்படும் இடங்களில் தெரிகிறது. கடவுச்சீட்டையும் போர்டிங் பாஸையும் நீட்டுவது, குடியேற்ற வரிசையில் பையை நகர்த்திக்கொண்டே நிற்பது, பால் புட்டிக்கு வெந்நீர் வாங்குவது ஆகிய எல்லாவற்றையும் குழந்தையைக் கீழே விடாமல் செய்ய முடிந்தது. பாதுகாப்புச் சோதனையில் மட்டும் தாங்கியைக் கழற்றித் தட்டில் வைக்கச் சொன்னார்கள். அதுவரை உறங்கிக்கொண்டிருந்தவள் இடுப்புக் கொக்கி விடுபட்ட ‘டக்’ சத்தத்தில் விழித்து அழத் தொடங்கினாள். கொக்கியை உள்ளங்கையால் மூடி அழுத்தியபடி கழற்றினால் அந்தச் சத்தம் பெரிதும் அமுங்கிவிடுகிறது என்பதைத் திரும்பி வரும்போது கற்றுக்கொண்டேன்.

இந்தத் தாங்கியை வாங்க நினைப்பவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று உண்டு. விமானம் ஓடுபாதையில் நகரும்போதும், மேலெழும்போதும், தரையிறங்கும்போதும் குழந்தை இதற்குள் இருக்கக் கூடாது. திடீரென வேகம் தடைபட்டால் பெரியவரின் உடல் முன்னோக்கி மடிந்து குழந்தையை நசுக்கக்கூடும். அத்தகைய அதிர்ச்சியைத் தாங்குவதற்காக இந்தத் துணியும் தையலும் உருவாக்கப்படவில்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமும் அந்த நேரங்களில் இத்தகைய தாங்கிகளை அனுமதிப்பதில்லை. நான் சென்ற விமானத்தில், என் இருக்கைப் பட்டையோடு இணையும் சிறிய பட்டையைக் கொடுத்து அவளை மடியில் அமர்த்தச் சொன்னார்கள். தரையிறங்கத் தொடங்கியதும் காது அடைத்து அவள் சிணுங்கினாள். பால் குடிக்க வைத்ததும் அமைதியானாள். இடைப்பட்ட நேரத்தில், இருக்கைகளுக்கு நடுவே மெல்ல நடந்து அவளைத் தூங்கவைக்கத் தாங்கியே உதவியது. நான்கு மணி நேரப் பயணத்தில் இரண்டு மணி நேரம் அவள் அதற்குள்தான் உறங்கினாள்.

எந்த நிறுவனத்தின் தயாரிப்பாக இருந்தாலும், பஞ்சு வைத்துத் தைத்த தாங்கி சென்னை வெயிலில் புழுங்கும். இதே ஆம்னியில் வலைத்துணியால் ஆன வகையும் கிடைக்கிறது. நம் ஊர்த் தட்பவெப்பத்துக்கு அதைத்தான் பரிந்துரைப்பேன். முதுகுக்குப் பின்னால் தோள்பட்டைகளை இணைக்கும் கொக்கியைத் தனியாகப் பூட்டப் பழக்கம் வேண்டும். பயணத்துக்கு முந்தைய வாரம் நாள்தோறும் மாலையில் அவளைக் கட்டிக்கொண்டு கடைக்குப் போய் வந்ததால்தான் விமான நிலையத்தில் என் கை தடுமாறவில்லை.

விமானத்துக்குள்ளேயே எடுத்துச் செல்லும்படி மடங்கும் தள்ளுவண்டிகளும் உள்ளன. பேபிசென் யோயோ மடித்த நிலையில் 52 x 44 x 18 செ.மீ. அளவுக்குச் சுருங்குகிறது. ஆனால் அதன் எடை ஏறத்தாழ 6 கிலோ. பல விமான நிறுவனங்கள் கைப்பைக்கு 7 கிலோ மட்டுமே அனுமதிப்பதால், வண்டியையும் அதே கணக்கில் சேர்த்தால் டயப்பருக்கும் மாற்றுடைக்கும் இடமிருக்காது. முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது. இருவர் சேர்ந்து பயணம் செய்தால் அதை வாங்கலாம்; தனியாகச் செல்லும் தாய்க்கோ தந்தைக்கோ என் பரிந்துரை தாங்கிதான்.

இரண்டு வயது நிறைந்ததும் மடியில் அமர்த்திச் செல்ல முடியாது, தனி இருக்கை வாங்க வேண்டும். அடுத்த பயணத்துக்குள் என் மகளுக்கும் அந்த வயது வந்துவிடும் என்பதால், இருக்கையின் முதுகைச் சுற்றிக் கட்டிக் குழந்தையைப் பாதுகாப்பாக இருத்தும் கேர்ஸ் பட்டையை இப்போது பார்த்து வைத்திருக்கிறேன். 10 முதல் 20 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளுக்கானது அது. பட்டையின் எடை அரைக் கிலோ அளவுதான். 2006-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற்றது. எல்லா நிறுவனங்களும் அதை ஏற்பதில்லை என்பதால், பயணச்சீட்டு எடுக்கும் முன்பே மின்னஞ்சலில் அனுமதி கேட்டிருக்கிறேன். பதில் வந்த பிறகுதான் பட்டையையும் வாங்குவேன், சீட்டையும் எடுப்பேன்.