பெர்லின் வெற்றித் தூண்: படி ஏறுவதற்கு முன் அடிவாரத்தைச் சுற்றி வாருங்கள்

பிரஷ்யா (ஜெர்மனியை ஒன்றிணைத்த அரசு) தன் போர் வெற்றிகளுக்காக எழுப்பிய சீகஸ்சாய்லே என்ற இந்த வெற்றித் தூணுக்கு வருகிற பலரும் சீட்டு வாங்கிய கையோடு மேலே ஏறி, நாலு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். இந்தத் தூணின் பாதிக் கதை கீழேயே இருக்கிறது. ஒரு மணி நேரம் ஒதுக்கினால், அதில் பாதியை அடிவாரத்துக்குக் கொடுங்கள்.

தூண் நிற்பது டியர்கார்டன் பூங்காவுக்குள், குரோசர் ஸ்டேர்ன் என்ற ரவுண்டானாவின் நடுவில். ஐந்து பெரிய சாலைகள் கூடும் இடம். வண்டிகளுக்கு ஓய்வே இல்லை. சாலையைக் குறுக்கே ஓடிக் கடக்க நினைக்காதீர்கள். ஓரத்தில் சின்ன மண்டபம் போல நிற்கும் கல் கட்டடங்கள்தான் சுரங்கப்பாதையின் வாசல். பார்த்தால் வாசல் என்றே தோன்றாது, தாண்டிப் போய்விடுவது எளிது. 100-ம் எண் பேருந்து ரவுண்டானாவிலேயே நிற்கும். டியர்கார்டன் எஸ்-பான் (நகர ரயில்) நிலையத்திலிருந்தும் நடந்து வரலாம்.

அடிவாரம் பளபளக்கும் சிவப்பு கிரானைட். நாலு பக்கமும் வெண்கலப் புடைப்புச் சிற்பங்கள்: டென்மார்க் போர், ஆஸ்திரியாவை வென்ற கோனிக்கிரேட்ஸ் சண்டை, பிரான்ஸை வென்ற செடான் சண்டை, கடைசியாக 1871-ல் படை பெர்லினுக்குத் திரும்பிய ஊர்வலம். கிட்டப் போய்ப் பாருங்கள். வெண்கலத்தில் அங்கங்கே பொத்தல். இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1945-ல் பெர்லினில் நடந்த சண்டையில் பாய்ந்த குண்டுகளின் தடம். வெற்றியைக் காட்டச் செய்த உலோகத்தில் தோல்வியும் பதிந்திருக்கிறது. போர் முடிந்ததும், ஜெர்மனியை வென்ற நாடுகளில் ஒன்றான பிரான்ஸ் இந்தச் சிற்பங்களைக் கழற்ற வைத்தது. பெர்லினின் 750-வது ஆண்டான 1987-ல் அவை மறுபடி இடத்துக்கு வந்தன, சில துண்டுகள் இல்லாமலே. காயங்களை மறைத்துப் புதிதுபோல் ஆக்காமல் விட்டதுதான் இங்கே நடந்த மிகச் சரியான காரியம்.

இப்போது அண்ணாந்து பாருங்கள். தூணின் பள்ளங்களில் தங்க முலாம் பூசி நிறுத்தியிருப்பவை அலங்காரக் குழாய்கள் அல்ல, பகைவரிடம் பிடித்த நிஜப் பீரங்கிக் குழல்கள். தூணைத் திட்டமிட்டபோது கணக்கில் இருந்தது 1864-ன் டென்மார்க் போர் மட்டும். கட்டி முடிப்பதற்குள் 1866-ல் ஆஸ்திரியா, 1870-71-ல் பிரான்ஸ் என்று இன்னும் இரண்டு சேர்ந்துகொண்டன. ஆகவே மூன்று போருக்கு மூன்று அடுக்கு. திறப்பு விழா 1873 செப்டம்பர் 2-ல். செடான் வெற்றியின் ஆண்டு நாள் அது.

ஆனால் எண்ணினால் அடுக்கு நான்கு வரும். முதலில் தூண் நின்றது ரைக்ஸ்டாக் (நாடாளுமன்ற) கட்டடத்தின் எதிரே இருந்த கோனிக்ஸ்பிளாட்ஸில். 1938-39-ல் நாஜி ஆட்சி, ஹிட்லரின் கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் ஸ்பேரின் தலைநகரத் திட்டத்துக்காக அதைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்தது. கூடவே ஓர் அடுக்கையும் சேர்த்து, மொத்த உயரத்தைச் சுமார் 67 மீட்டர் ஆக்கியது. அந்த நாலாவது அடுக்கின் பின்னால் எந்தப் போரும் கிடையாது, உயரத்துக்காக மட்டுமே சேர்த்தது. 1940-ல் பிரான்ஸை வென்றதன் அடையாளம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், தேதியே ஒத்துவராது.

உள்ளே போகும் வழியில் தூண்வரிசை மண்டபம் வரும். அதன் வளைந்த சுவரில் ஓவியர் அன்டன் ஃபான் வெர்னர் வரைந்து, வெனிஸின் சல்வியாட்டி பட்டறை கண்ணாடித் துண்டுகளில் செய்து கொடுத்த மொசைக். ஒரே இடத்தில் நின்றால் கால்வாசிதான் தெரியும். சுற்றி நடந்து பார்க்க வேண்டும்.

பிறகு 285 படிகள். லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் மண்டபத்துக்கு மேல் எதையும் எதிர்பார்க்க முடியாது. சுழல் படிக்கட்டில் வேகமாக ஏறினால் பாதியில் தலை சுற்றும். ஒரே சீராக, சுவரைப் பிடித்தபடி போங்கள். சுமார் 50 மீட்டர் உயரத்தில் உள்ள மேடை குறுகலானது, காற்று பலமாக அடிக்கும். கிழக்கே பிராண்டன்பர்க் வாயில் வரை சாலை நூல் பிடித்தாற்போல் ஓடும். காலையில் அந்தப் பக்கம் எதிர்வெயில். மதியத்துக்குப் பிறகு போனால் படம் தெளிவாக விழும். கீழே தெரியும் மரங்கள் அநேகமாக 1949-க்குப் பிறகு நட்டவை. போருக்குப் பிந்திய குளிர்காலங்களில் பழைய மரங்களை விறகுக்கு வெட்டித் தீர்த்துவிட்டார்கள்.

தூணின் உச்சியில் நிற்கும் வெற்றித் தேவதை விக்டோரியா, மேடையிலிருந்து சரியாகத் தெரியமாட்டாள். தலைக்கு மேல் பாவாடை மடிப்புதான் தெரியும். சிற்பி ஃபிரெட்ரிக் டிராக்கே செய்த 8.3 மீட்டர் உருவம், 35 டன் எடை. ஒரு கையில் வாகை மாலை, மறு கையில் இரும்புச் சிலுவை பொருத்திய கொடிக்கம்பு, தலையில் கழுகுக் கவசம். இவற்றைப் பிரித்துப் பார்க்க, இறங்கிவந்து ரவுண்டானாவின் வெளி விளிம்பில் நின்று பைனாகுலர் வைத்துப் பாருங்கள். அப்படியே வடக்கு ஓரத்துக்கும் போய்வாருங்கள்: தூணோடு சேர்த்துப் பெயர்த்துக் கொண்டுவந்த பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க், தளபதி மோல்ட்கே, போர் அமைச்சர் ரோன் ஆகியோரின் சிலைகள் மரநிழலில் நிற்கின்றன. அங்கே கூட்டமே இருக்காது.